பிணம் யார் எடுப்பது?

கல்யாண மண்டபத்து ஜெனரேட்டரின் டீசல் டேங்கில், அடியில் தேங்கிய தண்ணீரில் கிருமிகள் குடித்தனம் நடத்தின. அவற்றின் வழவழப்பு எல்லாம் ஃபில்டரின் மேல்தான் வந்து அப்பியது.

"அண்ணே, கொஞ்சம் திறந்து அந்தத் தண்ணியை வெளியே விடுங்களேன்" என்று ஃபில்டர் டேங்கின் அடியில் இருந்த வடிகால் குழாயிடம் கெஞ்சியது.

"என்னை யாராவது திருகினாத்தானே தம்பி?"

ஒருநாள் கிருமிநாசினி ஆரவாரமாக உள்ளே குதித்தது. வெகு சீக்கிரத்தில் ஒரு கிருமிகூட உயிரோடு இல்லை.

"பாத்தியா? அத்தனையும் காலி!" என்று மார்தட்டியது.

"ரொம்ப சந்தோஷங்க. பிணத்தை யாரு எடுப்பாங்க?" என்று கேட்டது ஃபில்டர்.

"கொல்றதுதான்யா என் வேலை. மத்தது எனக்குத் தெரியாது."

தாலி கட்டும் நேரத்தில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் கிளம்பியதும் அத்தனை பிணமும் ஊர்வலமாக வந்து ஃபில்டரின் தொண்டையை அடைத்தன. ஜெனரேட்டர் இருமி இருமி நின்றுவிட்டது.

மெக்கானிக் வந்து திறந்து பார்த்துக் காறித் துப்பினார்.

"சீ, என்ன அசிங்கம் பிடிச்ச ஃபில்டர்! தூக்கிப் போடு இதை. அந்த மருந்துல இன்னொரு பாட்டில் ஊத்து."