நெரிசல்

கூட்டம் அல்லவா, யாருடைய கையோ தவறிப் பட்டிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள்.

இரண்டாம் முறை அது தவறிப் படவில்லை.

விளக்குத் திருவிழாவில், விளக்குச் சரங்கள் தொங்கும் நீண்ட கூடாரம். நூற்றுக்கணக்கானவர்கள் அண்ணாந்து பார்த்தபடி அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். மேலே நீலம் பச்சையாகி, பச்சை ஊதாவாகியது.

கீழே யாரும் பார்க்கவில்லை.

அவளுடைய குளிர்கோட்டின் விளிம்பைத் தூக்கிக்கொண்டு அந்தக் கை உள்ளே வந்தது. கையுறை போடாத கை. வெதுவெதுப்பாக, லேசாக வியர்த்து.

திரும்பினாள்.

தினகர் விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஊதா வெளிச்சத்தில் பற்கள் மட்டும் பளிச்சென்று தெரிந்தன.

"பாத்து வாம்மா. காலு இடறிடப்போவுது."

சூடான ஒயினும் கிராம்பும் கலந்த மூச்சு அவள் காதில் பட்டது.

அவனை அவள் அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். கல்லூரி விடுதியில் நான்கு வருடம் ஒரே அறையில் இருந்த பூங்கொடியின் கணவன். மூன்று மாதத்துக்கு முன் அவள் இந்த டச்சு ஊருக்கு வேலைக்கென்று வந்து இறங்கியபோது, விமான நிலையத்தில் காத்திருந்து பெட்டியைத் தூக்கி வந்தவன்.

இதே கையால்.

முழங்கையைப் பின்னால் ஓங்கி இடித்தாள். கை விலகியது.

"என்னா நெரிசலு," என்று அவன் சிரித்தான்.

வெளியே வந்ததும் குளிர் முகத்தில் அறைந்தது. மணி ஆறுகூட ஆகவில்லை, அதற்குள் இருட்டிவிட்டிருந்தது. ஆற்றோரக் கடையில் பன்றிக் கொழுப்பு பொரியும் வாடை. கோட்டைக் கழற்றி ஆற்றில் எறிய வேண்டும். தோலையும் அப்படிக் கழற்ற முடிந்தால் தேவலை. அண்ணா, அண்ணா என்று கூப்பிட்ட நாக்குகூடக் கசந்தது.

முன்னாலேயே வெளியே வந்துவிட்ட பூங்கொடி காகிதக் கோப்பையோடு நின்றிருந்தாள்.

இவளிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் இடிந்துபோவாள். நம்பாமல் போனால்?

தினகர் வழியில் போன ஒருவரிடம் போனை நீட்டினான்.

"ரெண்டு பேரும் எனக்கு ரெண்டு பக்கமும் நில்லுங்க."

பூங்கொடி அவளுடைய மணிக்கட்டைப் பிடித்து இழுத்தாள். கணவனுக்கும் அவளுக்கும் நடுவில் தான் நின்றுகொண்டாள். போனைப் பார்த்துச் சிரித்தபடியே, உதடு அசையாமல் சொன்னாள்.

"பஸ்ல நீ ஜன்னலோரமா உக்காந்துக்கடி. பக்கத்துல நான் உக்காந்துக்கறேன்."

குழம்பில் உப்பு கொஞ்சம் கூடிவிட்டது என்பதைப் போன்ற குரல்.

ஃபிளாஷ் அடித்தது.

அவள் பூங்கொடியின் பக்கம் திரும்பினாள்.

"தெரிஞ்சுதான் என்னைக் கூட்டிட்டு வந்தியா?"

பூங்கொடி கோப்பையின் விளிம்பைக் கடித்தாள். காகிதம் பல்லில் கிழிந்தது.

"நான் பஸ்ல வரல," என்றாள் அவள், தினகருக்கும் கேட்கும்படி. "ஸ்டேஷனுக்கு நடந்தே போறேன். நீயும் வா, பூங்கொடி."

தினகர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

பிடித்த மணிக்கட்டைப் பூங்கொடி விடவில்லை.

ஓர் அடி எடுத்து வைக்கவும் இல்லை.