மேல் கிண்ணம்

அவள் முதலில் பார்த்தது அந்த முழங்கையைத்தான்.

வசந்தாமணி இன்று குட்டைக்கை ரவிக்கை போட்டு வந்திருந்தாள். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டும் மேசைக்கு எதிரே நின்று, வேண்டுமென்றே செய்வதுபோல, உயரத்தில் இருந்த பெட்டியை எட்டி எடுத்தாள்.

முழங்கை வழுவழுவென்று இருந்தது.

போன ஆடியில் அதே முழங்கை மீன் செதில்போல வெள்ளையாய் உரிந்துகொண்டிருந்தது. கறுப்புத் துணி வெட்டும் நாளில் வசந்தாமணி மடியிலும் அவள் மடியிலும் மாவு சிந்தியதுபோல் கிடக்கும். சேர்ந்தே தட்டிவிடுவார்கள். எது யாருடையது என்று தெரியாது.

இன்று சிந்திக் கிடந்ததெல்லாம் அவளுடையது.

இருவருக்கும் ஒரே தோல் நோய். ஒரே வைத்தியர். ஒரே வெட்பாலை எண்ணெய். ஒரே பத்தியம். புளி இல்லை, கருவாடு இல்லை, கத்தரிக்காய் இல்லை.

மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் வசந்தாமணி யாருக்கும் தெரியாமல் புளிச்சோறு தின்றாள். தின்றுவிட்டு அவளிடம் மட்டும் சொல்லிச் சிரித்தாள். அவளோ ஒரு பருக்கையைக்கூடத் தொடவில்லை.

மீறியவளுக்குப் புதுத் தோல் வந்துவிட்டது.

மீறாதவள் முழுக்கை ரவிக்கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

போன வாரம் வைத்தியர் வசந்தாமணிக்கு மருந்தை நிறுத்தினார். இனி கொஞ்ச நாள் மறுபத்தியம் மட்டும். புதுத் தோல் ஈரச் சிமென்ட் தரை மாதிரி, கத்தரிக்காய் மட்டும் வாயில் படவே கூடாது, பட்டால் இரண்டு மடங்காகத் திரும்பும் என்றார். அப்போது அவளும் பக்கத்து ஸ்டூலில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு இன்னொரு பாட்டில் எண்ணெய் கொடுத்தார்.

நேற்று சூப்பர்வைசர் வந்தார். வெளியூர்க்காரர்கள் வந்து பார்க்கிற செக்கிங் மேசைக்கு ஆள் வேண்டும் என்றார். வசந்தாமணியின் கைகளைப் பார்த்துவிட்டு, நாளை மறுநாள் முதல் அங்கே வா என்றார்.

அவள் பக்கம் அவர் பார்க்கவில்லை.

வீட்டாருக்கு ஒன்று, தங்களுக்கு ஒன்று என்று தினமும் இரண்டு சமையல் செய்ய முடியாது. அதனால் இருவருக்கும் சேர்த்துப் பத்தியக் குழம்பை ஆளுக்கு ஒரு நாளாகக் கொண்டுவருவார்கள். இன்று அவள் முறை.

காலையில் பச்சைப்பயறு கடைந்தாள். பாதியைக் கேரியரின் கீழ்க் கிண்ணத்தில் ஊற்றினாள்.

மீதியில், அடுப்பில் சுட்டுத் தோலுரித்த பிஞ்சுக் கத்தரிக்காயைப் போட்டு மறுபடியும் கடைந்தாள். இருக்கிற இடம் தெரியாமல் மசியும்வரை.

வழித்து இன்னொரு கிண்ணத்தில் ஊற்றினாள்.

அது மேல் கிண்ணம்.

சாப்பாட்டு மணி அடித்தது.

ஜன்னலோரம் பெண்கள் வரிசையாக உட்கார்ந்தார்கள். இவர்கள் இருவருக்கும் இடம் மாடிப்படிக்குக் கீழே. யாரும் அங்கே போகச் சொன்னதில்லை. ஜன்னலோரம் இவர்கள் வந்து உட்கார்ந்தால் பக்கத்தில் இருப்பவர்களுக்குத் தண்ணீர் பிடிக்கப் போகவேண்டி வரும். அவ்வளவுதான்.

"வசந்தாமணி, இங்க வா புள்ள. இனி அந்தப் படிக்கடியில உனக்கென்ன வேல?"

வரிசையில் மூத்தவளான ரங்கநாயகி அக்கா தன் பக்கத்தில் தட்டி இடம் காட்டினாள்.

வசந்தாமணி போனாள்.

ஒருத்தி அவள் முழங்கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தாள். இனி இவள் வீட்டுக்காரருக்கும் பத்தியம் முடிந்தது என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள். வசந்தாமணி முகத்தைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

படிக்குக் கீழே அவள் மட்டும் இருந்தாள்.

அந்த முழங்கைக்கு ஒரு வருஷமாக எண்ணெய் போட்டுவிட்டது அவள். நகம் பட்டுவிடாமல், உள்ளங்கையால். அப்போது அதைத் தொட இந்த வரிசையில் ஒருத்திகூட இல்லை.

கேரியரைப் பிரித்து இரண்டு கிண்ணங்களையும் பக்கத்தில் வைத்தாள். வைக்கும் முறை தெரியும். மேல் கிண்ணம் வலதுபக்கம், வசந்தாமணி உட்காரும் பக்கம்.

குனிந்து, தலை இடிக்காமல், வசந்தாமணி படிக்கடிக்குத் திரும்பி வந்தாள். அவள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தாள்.

"அங்க ஒவ்வொண்ணுலயும் என்ன போட்டீங்கன்னு கேட்டுக் கேட்டுத் திங்கோணும். உன்றதுன்னா கண்ண மூடிட்டுத் திங்கலாம்."

வலதுபக்கக் கிண்ணத்துக்குக் கையை நீட்டினாள்.

அவள் இடதுபக்கத்துக் கிண்ணத்தை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். மற்றதைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

சோற்றில் ஊற்றிப் பிசைந்தாள். வாயில் போட்டாள்.

ஒரு வருஷத்துக்குப் பிறகு கத்தரிக்காய். சுட்ட வாசம் நாக்கின் அடியில் தங்கியது. நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததில் அவளுக்குக் கோபம் வந்தது.

வசந்தாமணி மூக்கை உறிஞ்சினாள். இந்த வாசம் தன் கிண்ணத்தில் இல்லையே என்பதுபோலப் பார்த்தாள். பிறகு எப்போதும்போல, கேட்காமல், இரண்டு விரலை அவள் கிண்ணத்துக்குள் விட வந்தாள்.

அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

ஜன்னலோரம் தலைகள் திரும்பின.

கத்தரிக்காய் என்று சொல்லிவிடலாம். சொன்னால், எதற்குப் போட்டாய் என்று வசந்தாமணி கேட்பாள்.

"உனக்குத்தான் நல்லாயிருச்சே. இனி என்ற கிண்ணத்துல கை வெக்காத."

வசந்தாமணி அவளையே பார்த்தாள். முதலில் புரியாமல். பிறகு, புரிந்துவிட்டதுபோல.

தன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். வரிசையில் நகர்ந்து இடம் கொடுத்தார்கள். ரங்கநாயகி அக்கா அவள் முதுகைத் தடவி, பொறாமை புள்ள, விட்டுத் தள்ளு என்றாள். படிக்கடிக்குக் கேட்கும்படிதான் சொன்னாள்.

அதில் பொய் ஒன்றும் இல்லை.

அவள் கிண்ணத்தை வழித்தாள். விரலை நக்கினாள். பிறகு அதில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அலசி, அந்தத் தண்ணீரையும் குடித்தாள்.