ஐம்பது வயது வகிடு

பெண் பார்க்க வந்தவர்கள் வழக்கப்படி எங்கள் இருவரின் முகமும் ஐம்பது வயதில் எப்படி இருக்கும் என்று கணினி கணித்த படங்களைச் சுவரில் போட்டுக் காட்டினார்கள். முதலில் மாப்பிள்ளை இளம்பரிதி. நெற்றி மேலேறி, உச்சி பளபளத்தது.

“அப்படியே அப்பாதான்டா. இனி சீப்பே வேண்டாம்,” என்றாள் அவர் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

அடுத்து நான். முன்நெற்றி முடி அப்படியே இருந்தது. வகிடு மட்டும் அகன்று தலைத்தோல் தெரிந்தது. யாரும் சிரிக்கவில்லை. வெட்கத்தில் தலை குனிந்தேன். குனிந்தால் வகிடு தெரியுமே என்று உடனே நிமிர்ந்தேன்.

“பூ வைக்கறதை அப்புறம் பார்த்துக்கலாம்மா,” என்றார் அவர் அம்மா.

எனக்காக வாங்கிவந்த மல்லிகையைப் பைக்குள் திருப்பி வைக்கக் குனிந்தார். அவர் தலையிலும் சுவரில் இருந்த அதே வகிடு. நான் பார்ப்பதைக் கண்டதும் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டார்.