முதல் தட்டு

உரும்பிராய்த் தேவாலயத்தின் யன்னலால் பின்னேர வெயில் வந்து நதானியேலின் பேஸ் கிற்றாரில் தேனாகப் படிகிறது. ஜமேக்காவில் அடிமைகளின் சந்ததி சீயோன் என்ற விடுதலை நாட்டுக்கு ஏங்கிப் பாடிய றெகே தாளத்தில் அவன் ஒரு ஞானப்பாட்டை வாசிக்கிறான். தாளத்தின் ஒவ்வொரு சுற்றிலும் முதல் தட்டை வாசிக்காமல் விட்டுவிடுகிறான். அந்த இடைவெளியில் வெளியே வாழையிலை உரசுவது கேட்கிறது. பாடகர் குழுவின் நேசம்மாவோ மிஷன் பள்ளிக்கூடப் பழக்கத்தில் சரியாக அங்கேதான் கஞ்சிராவைத் தட்டுகிறார். வாங்குப் பலகையில் அவருக்குப் பக்கத்தில், வழக்கம்போல, கைப்பை இருக்கிறது. போரின் கடைசி மாதங்களில் காணாமல்போன மகனுக்கு ஒவ்வொரு ஆராதனையிலும் அவர் அப்படித்தான் இடம் பிடித்து வைக்கிறார்.

“அன்ரி, அதிலை தட்டாதேங்கோ. அந்த இடம் வெறுமையா இருக்கவேணும்.”

“ஏன் தம்பி, ஆருக்கு அது?”

நதானியேல் தந்தியைத் தடவியபடி யோசிக்கிறான். “அடிமையளாக் கப்பலிலை கொண்டுபோன சனத்திலை கரை சேராத ஆக்களுக்கெண்டு நான் நினைச்சுக்கொள்ளுறனான்.”

நேசம்மா பக்கத்திலிருக்கும் கைப்பையைப் பார்க்கிறார். வெயில் மெல்ல நகர்ந்து கைப்பையின் மேல் ஏறுகிறது. பாட்டு மறுபடி தொடங்குகிறது. முதல் தட்டின் இடம் வருகிறது. அவருடைய கை உயர்ந்து, அப்படியே காற்றில் நிற்கிறது.