தலப்பாத் தட்டு

"மாப்பிள்ளை வாயத் தொறக்க மாட்டேங்குறாரு லாத்தா!"

பந்தலிலிருந்து ஓடிவந்த தம்பி சித்தீக் இப்படிச் சொன்னதும் நூர்ஜஹான் உள்ளறைப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். அங்கே மணப்பெண்ணாக அவள் மகள் ஹஃப்ஸா முக்காடு போட்டு உட்கார்ந்திருந்தாள். சற்று முன்புதான் சாட்சிகள் வந்து சம்மதம் கேட்க, கணீரென்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

"நிக்காஹ் ஓதுற ஹஜரத் சம்மதம் கேட்டாரா?"

"ரெண்டு தடவ கேட்டுட்டாரு. கரண்ட் இல்ல, மைக் வேல செய்யல. ஆனா பக்கத்துலதான உக்காந்திருக்காரு? ஏத்துக்கிட்டேன்னு ஒரு வார்த்தை. அதுக்குப் பூச்சரத்துக்குள்ள மூஞ்சிய வச்சுக்கிட்டுக் கல்லாட்டம் இருக்காரு."

"என்ன வேணுமாம்?"

பந்தலில் மாப்பிள்ளை மௌனமானால் பெண்ணைப் பெற்றவளுக்கு வேறு கேள்வி தோன்றுமா?

"மச்சானும் அதத்தான் நெனச்சாரு. குனிஞ்சு, 'பைக் வாங்கித் தர்றேன் மாப்புள'ன்னாரு. பதில் இல்ல. 'சரி, கார்'ன்னாரு. அப்பவும் லேசா ஒரு சிரிப்பு, அவ்வளவுதான். மாப்பிள்ளையோட வாப்பா மட்டும் கார்னதும் தலையாட்டிட்டாரு."

"வரதட்சணை இல்லாத நிக்காஹ்னு பத்திரிகையில போட்டாங்களே!"

"பத்திரிகையில போட்டாங்க. பந்தல்ல யாரு படிச்சா?"

நூர்ஜஹானுக்குக் காரைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது.

ஹஃப்ஸாவுக்குப் பன்னிரண்டு வயதில் காது மந்தமானது. துபாயில் இருந்த அவள் வாப்பா ஜெக்கரியா விமானம் ஏறி வந்து, சென்னைக்கு அழைத்துப் போய் ஆபரேஷன் செய்வித்தார். நடுக்காதுக்குள் ஒரு சின்னக் கருவி. வெளியே, காதுக்குப் பின்னால், வட்டமாக ஒரு மெஷின். தோலுக்கடியில் வைத்த காந்தத்தைப் பிடித்துக்கொண்டு அது நிற்கும். கழற்றி வைத்தால் பீரோக் கதவிலோ டம்ளரிலோ போய் ஒட்டிக்கொண்டு, வீட்டையே தேட வைக்கும்.

"பத்து வருஷமாச்சு, மொத நாள் மாதிரியே கேக்குது. ஆயுசுக்கும் கவலையில்லம்மா" என்று போன மாதம்கூட டாக்டர் பெருமைப்பட்டார். பாவம், அவருக்குக் காதைப் பற்றித் தெரியும். கல்யாணத்தைப் பற்றி என்ன தெரியும்? முத்துப்பேட்டையிலிருந்து வந்த வரன், "மெஷின் வச்ச பொண்ணா?" என்று கேட்டுப் பிரியாணியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனது. காது கேட்காத பெண்ணைக்கூட மறைத்துக் கட்டிக்கொடுத்துவிடலாம் போலிருக்கிறது. நன்றாகக் கேட்கிற பெண்ணை மறைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது.

அதனால்தான் இந்த வரனிடம் நூர்ஜஹான் மெஷினைப் பற்றி மூச்சுவிடவில்லை. மாப்பிள்ளை ஜாஃபர் சாதிக்குக்கு ஷார்ஜாவில் வேலை. காதை மூடி வளர்ந்திருந்த முடியை, "அங்க எல்லாம் இதுதான் ஸ்டைலு" என்று அவன் உம்மா சைத்தூன் பீவி சொன்னாள். நிச்சயமான பிறகு அவன் ஒருநாளும் ஃபோனில் கொஞ்சவில்லை, மெசேஜ் மட்டும்தான். 'என்ன அதபான, மரியாதை தெரிஞ்ச பையன்!' என்று நூர்ஜஹான் அதிராம்பட்டினம் முழுக்கச் சொல்லிப் பூரித்தாள்.

அந்த அதபான பையன்தான் இப்போது ஊரைக் கூட்டி வைத்துக்கொண்டு ஊமையாக உட்கார்ந்திருக்கிறான்.

"அவங்க உம்மா எங்கடா?"

"அடுப்பங்கரையில. தட்டு, தாம்பாளம் ஒண்ணு விடாமத் திருப்பித் திருப்பிப் பாக்குறாங்க."

"கனம் பாக்குறாங்களா? பாக்கட்டும், பாக்கட்டும். அது என்ன உன் கையில?"

"மாப்பிள்ளைக்குத் தலப்பா வச்சுக் குடுத்தோமே, அந்தத் தட்டு. கட்டி முடிச்சுட்டுத் தந்தாங்க."

நூர்ஜஹான் வாங்கினாள். தட்டுக்கு அடியில் விரலில் என்னவோ இடறியது. திருப்பிப் பார்த்தாள். எவர்சில்வரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, வட்டமாக, அந்த மெஷின்!

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. காலையில் இந்தத் தட்டு ஹஃப்ஸாவின் கட்டிலில்தான் கிடந்தது. பூ வைக்கும்போது மெஷின் நழுவி ஒட்டியிருக்கிறது. பந்தலில் எல்லாரும் பார்த்துவிட்டார்கள். வாயால் சொல்லாமல், தட்டோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாப்பிள்ளையின் மௌனம் காருக்காக இல்லை.

மெஷினைப் பிய்த்துக் கையில் எடுத்துக்கொண்டு, சித்தீக்கை வாசலிலேயே நிறுத்திவிட்டு உள்ளறைக்கு ஓடினாள். கதவை ஒருக்களித்து, மகளின் காதருகே குனிந்தாள்.

"பாவி மவளே, இதப் பத்திரமா வச்சுக்கத் தெரியாதா? எல்லாம் போச்சுடி! ஹஜரத் மூணாவது தடவ கேக்கப் போறாரு. அவன் மாட்டேன்னு எந்திரிச்சுட்டா உன் வாப்பா உசுரோட இருப்பாரா?"

"உம்மா, ஏன் கத்துறீங்க? எனக்கு நல்லாக் கேக்குது."

"எப்படிடீ கேக்கும்? இங்கல்ல இருக்கு!"

ஹஃப்ஸா மல்லிகைச் சரத்தை ஒதுக்கி, முக்காட்டை மெல்ல விலக்கிக் காட்டினாள். அவளுடைய மெஷின் காதுக்குப் பின்னால் இருந்த இடத்திலேயே இருந்தது.

நூர்ஜஹான் தன் உள்ளங்கையைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள்.

கதவு திறந்தது. வியர்த்து வழிய சைத்தூன் பீவி நின்றாள். "சம்பந்தி... மாப்பிள்ளைக்குத் தலப்பா கட்டுறப்ப கழண்டது... அந்தத் தட்டுல ஏதாவது ஒட்டி..."

நூர்ஜஹான் ஒரு கையால் மகளின் முக்காட்டைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டாள். மறு கையை இறுக மூடிக்கொண்டாள்.

"இதப் போயி மறைப்பீங்களா சம்பந்தி? நாங்க என்ன, மெஷினப் பாத்து ஒதுங்குற ஆளுங்களா? போயி, கார் வேணாம்னு உங்க வீட்டுக்காரர ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க, தந்துடுறேன்."