ஊசிக்கு அழுகிறவன்

வார்டின் ஜன்னல் வழியே இறங்கும் காலை வெயில், பிறந்து சில நாளே ஆன பிள்ளையின் பிஞ்சுக் காலில் விழுகிறது. கிருமித் தொற்றோ என்ற சந்தேகம். தொட்டிலின் இருபுறமும் நின்று இரண்டு மருத்துவர்கள் வழக்காடுகிறார்கள். "வாரம் முழுக்க ஊசியே போட்டுடலாம்மா," என்கிறார் பெரிய டாக்டர். "இன்னியோட ரெண்டு நாள் ஊசி ஆச்சு, போதும் சார், மிச்சத்துக்கு வீட்டுல சொட்டு மருந்து கொடுக்கட்டும். ரத்தப் பரிசோதனை நல்லா வந்திருக்கு, பாலும் குடிக்கிறான்," என்கிறார் ஜூனியர் டாக்டரம்மா. தாய் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்க்கிறாள். அவளுடைய முதல் பிள்ளை, ஊசி குத்தியபோது முகம்கூடச் சுளிக்கவில்லை; மறுநாள் இறந்துபோய்விட்டது. நர்ஸ் சிரிஞ்சை வெளிச்சத்தில் பிடித்து, காற்றுக் குமிழியைச் சுண்டி விரட்டுகிறாள். இரண்டாம் நாளின் கடைசி ஊசி இறங்குகிறது. வார்டே அதிர வீறிடுகிறான் பையன். உதைத்த உதையில் பஞ்சு பறக்கிறது. "அடேயப்பா, என்னா கோபம்!" என்று சிரிக்கிறார் பெரிய டாக்டர். "சரி, சொட்டு மருந்தே எழுதும்மா. இந்தத் தொண்டைய வார்டு தாங்காது." நர்ஸ் அவசரமாகத் தட்டிக்கொடுக்கக் குனிகிறாள். தாய் அவள் கையை மெல்லப் பிடித்துக்கொள்கிறாள். "கொஞ்ச நேரம் அழட்டும் சிஸ்டர்."