டப்பாவுக்குக் கண் இருக்கு

"சீட்டே இன்னும் எடுக்கலை. அதுக்குள்ள யாருக்குப் பை கட்டுறே?"

கத்தரியைக் கீழே வைக்காமலே தையல்காரர் கேட்டார். மனைவி அவருடைய வெள்ளைச் சட்டையை மடித்து, அதன் மேல் அணியின் பச்சைக் கழுத்துத் துண்டை வைத்து, பையின் ஜிப்பை இழுத்தாள்.

"இந்தத் தடவை உங்க பேர் வரும்னு தோணுது."

"பதினொரு வருஷமா உனக்குத் தோணிட்டுத்தான் இருக்கு."

உண்மைதான். கால்பந்து ரசிகர் மன்றத்துக்கு அவர் செயலாளர். மைதானத்தில் பறக்கிற கொடியெல்லாம் அவர் தைத்தவை. வெளியூர் ஆட்டத்துக்கு டிக்கெட் கேட்டு கிளப்புக்குக் கடிதம் எழுதுவது, பதில் வராவிட்டால் நடையாய் நடப்பது, வந்த டிக்கெட்டைச் சீட்டுக் குலுக்கிக் கொடுப்பது எல்லாம் அவர்தான். ஆனால் ஒரு தடவைகூட அவர் பெயர் வந்ததில்லை. ஆட்டத்தன்று ரேடியோவைத் தையல் மெஷின் மேல் வைத்துக்கொள்வார். மறுநாள், போய் வந்தவர்களைப் பிடித்து உட்காரவைத்து, "பந்து வலையில விழுற சத்தம் நம்ம கூட்டத்துக்குக் கேட்டுச்சா?" என்று துருவித் துருவிக் கேட்பார். அந்தக் கேள்வி காதில் விழும்போதெல்லாம் மனைவி கைவேலையை நிறுத்திவிட்டு அவரைப் பார்ப்பாள்.

இப்போது முப்பத்தோரு வருஷத்துக்குப் பிறகு அணி கோப்பையின் அரையிறுதிக்கு வந்திருந்தது. எதிரணியின் மைதானம் சின்னது. மன்றத்துக்குக் கிடைத்தது ஒரே ஒரு டிக்கெட்.

மூன்று மணிக்கெல்லாம் கடை நிறைந்துவிட்டது. வெட்டுமேசை மேல் பழைய பிஸ்கட் டப்பா. ஒவ்வொருவராக வந்து மடித்த சீட்டைப் போட்டார்கள். "தள்ளி நில்லுங்கப்பா, இஸ்திரிப்பெட்டி சுடும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார் தையல்காரர்.

பஸ் டிரைவர் கடைசியாக வந்தார். போன வாரம்தான் அவரை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார்கள். வாய் மட்டும் நிற்கவில்லை.

"அண்ணே, நீங்களும் சீட்டுப் போட்டாச்சா? எதுக்கு வீணா ஒரு காகிதம்?"

"உங்க அண்ணி எழுதிப் போட்டிருக்கா. அவ கை ராசியையும் பார்த்துடுவோமே."

"ராசியெல்லாம் உங்க கையிலேயே இருக்கு. பேர்லதான் இல்லை."

கடையே சிரித்தது.

"சிரிக்காதீங்க" என்றாள் ஆஸ்பத்திரி நர்ஸ். "இந்த டப்பாவுக்குக் கண் இருக்கு. என் வீட்டுக்காரர் போய் ஒரு மாசம் நான் வாசல் தாண்டலை. அப்பத்தான் என் பேர் வந்துச்சு. போய்த் தொண்டை கிழியக் கத்திட்டு வந்தேன். அதுக்கப்புறம்தான் எனக்குச் சாப்பாடே இறங்குச்சு."

"வாட்ச்மேன் ரிட்டையர் ஆன வாரமே அவருக்கு வந்துச்சே" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"கண் இருக்கு, சரி. அண்ணன் மட்டும் அதுக்குத் தெரியமாட்டேங்கிறாரே. இன்னிக்காவது..." என்று டிரைவர் ஆரம்பிக்க, தையல்காரரின் மனைவி முறைத்தாள். அவர் சட்டென்று வாயை மூடிக்கொண்டார்.

தையல்காரர் டப்பாவைக் குலுக்கினார். வழக்கமாக இந்த நேரத்தில் ஆளுக்கொரு சாமியைக் கூப்பிடுவார்கள். இன்று ஒருவரும் உதட்டை அசைக்கவில்லை. அவள் பையின் பிடியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

அவர் கண்ணை மூடி ஒரு சீட்டை எடுத்தார். பிரித்தார். மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். கொஞ்சம் அதிக நேரமே பார்த்தார்.

"நம்ம டிரைவர்!" என்றார், முகமெல்லாம் பல்லாக.

சொன்ன கையோடு சீட்டை நாலாகக் கிழித்துத் துணிக் கழிவுக் கூடையில் போட்டார். ஜெயித்த சீட்டு இன்னொருவர் கையில் பட்டால் அணிக்கு ஆகாது என்பது அவராக வைத்துக்கொண்ட சட்டம்.

யாரும் கைதட்டவில்லை.

"என்னப்பா, எல்லாரும் வாயில கொழுக்கட்டையா? தம்பி, டிக்கெட்டைப் பிடி. வலைச் சத்தம் கேட்டுச்சான்னு வந்து எனக்குச் சொல்லணும்."

டிரைவர் கையை நீட்டவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக அவருக்குப் பேச்சு தடுமாறியது.

"அண்ணே... நான் என் பேரை எழுதவே இல்லையே."

"அப்போ... உனக்காக வேற யாராவது எழுதியிருப்பாங்க."

மனைவி எழுந்து வந்தாள். டப்பாவை வெட்டுமேசை மேல் கவிழ்த்தாள். ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து வரிசையாக வைத்தாள். நீல மையில் சில, பென்சிலில் சில, மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் நர்ஸ் கிறுக்கியது ஒன்று. மொத்தம் இருபத்தாறு. போன ஞாயிற்றுக்கிழமை அவள் வீடு வீடாகப் போய்க் கேட்டுக்கொண்டபடி, இருபத்தாறிலும் ஒரே பெயர்தான் இருந்தது: தையல்காரர்.

"அப்போ அன்னிக்கு என் பேர்..." என்று நர்ஸ் துணிக் கழிவுக் கூடையைத் திரும்பிப் பார்த்தாள்.

டப்பாவுக்குக் கண் இருக்கிறது என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவந்தார்களே, அந்தக் கண் இரண்டும் இப்போது மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தன.